படலைச் சாத்திவிட்டுப் போனவன்

அன்ஸெல்மாஸ் யாரையும் ஏமாற்றியதில்லை.
குதிரைவரியை நாள் தவறாமல் கட்டுவான்.
எங்கள் பக்கம் சாய்ந்த பிர்ச் மரக்கிளையைக்கூட
கேட்டுவிட்டுத்தான் வெட்டுவான்.

நெமுனாஸ் உறைந்த இரவுகளில் மட்டும்
ஆற்றின்மேல் நடந்து அக்கரை போவான்.
எங்கள் எழுத்தில் அச்சான புத்தகங்கள்
வைக்கோலுக்கு அடியில் இக்கரை வரும்.
அந்த எழுத்து குற்றம் என்கிற ஜாரின் ஆணை
தேவாலயக் கதவில் ஆணியடித்துத் தொங்கியது,
எங்களில் பாதிப்பேருக்கு
வாசிக்கத் தெரியாத எழுத்தில்.

பனி இளகும் முன்னே பிடிபட்டான்.
மூட்டையில் என்ன?
புத்தகம்.
உருளைக்கிழங்கு என்றிருக்கலாம்.
காவலனுக்கும் குளிர்,
அவிழ்த்துப் பார்த்திருக்க மாட்டான்.

வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள்.
கோழிகளை அடைத்தான். படலைச் சாத்தினான்.
சைபீரியாவுக்கு எத்தனை நாள் நடை என்று
சந்தைக்கு வழி கேட்பதுபோல் கேட்டான்.

அன்றிரவு
அவன் தந்த அரிச்சுவடியை அடுப்பிலிட்டேன்.
மகள் மார்ட்ஸெலே அதில்
வால் முளைத்த எழுத்துவரை வந்திருந்தாள்.
நன்றாகத்தான் எரிந்தது.
கீழ்ப்படிந்த வீட்டில் என்ன ஒரு கதகதப்பு.

கேட்டதற்கு உண்மை சொன்னவன் குற்றவாளி.
யாரும் கேட்காமலே அடங்கிய என்னை
நல்ல குடிமகள் என்றார் ஊர் எழுத்தர்,
ஒரு முத்திரையும் குத்தித் தந்தார்.
மேசை இழுப்பறையில் இருக்கிறது,
எதற்கென்று தெரியாமல்.

காலையில் சாம்பல் அள்ளக் குனிந்தேன்.
மார்ட்ஸெலே அதில் விரலால்
வால் போட்டுக்கொண்டிருந்தாள்,
ஒன்றன்பின் ஒன்றாக,
நாக்கைக் கடித்தபடி.

முறத்தைக் கீழே வைத்தேன்.
எழுந்துபோய்
சன்னல்திரையை இழுத்துவிட்டேன்.