பதினேழாம் கேள்வி

ஸர்க்காவில் நாலு மாடி ஏறினேன்.
லிஃப்ட் இருந்திருக்கிறது; கதவு மட்டும் மிச்சம்.
கையில் படிவக் கட்டு, கழுத்தில் அட்டை,
அட்டையில் என் பெயர்: ரிஹாம் ஹுவாரி.
கீழே பொடி எழுத்தில்:
உணவு அடிமைத்தனம், மண்டல ஆய்வு.

மண்டலம் என்றால் பெரியது.
மொராக்கோவின் அலைக்கரையிலிருந்து
ஓமானின் மீன்சந்தை வரை
என்னைப் போல் பலர் இன்று படியேறுகிறார்கள்.
கேள்விகள் எல்லோருக்கும் ஒன்று.
வேண்டாம் என்று சொல்லமுடியாமல்
முன்னால் வந்து நிற்கும் தட்டும் ஒன்று.
உணவைப் பற்றிக் கேட்க வந்தவளை
உண்ணாமல் அனுப்புவார்களா?

டாக்ஸி ஓட்டும் நாயிஃப். இரவுப் பணி.
"நிறுத்த நினைத்து முடியாமல் போனதுண்டா?"
"எதை? சூரியகாந்தி விதையையா, சிகரெட்டையா,
மனைவியின் தம்பி வந்து போவதையா?"
சிரித்தோம்.
'சில சமயம்' என்பதை வட்டமிட்டேன்.
பிறகு அவராகவே, குரல் தணிந்து:
"விமான நிலையச் சாலையில் ஓரம் கட்டி
ஒரு கிலோ குனாஃபா. மடியில் வைத்து. முழுசாக.
பாகு முழங்கை வரை வழியும்.
துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து
பசிக்கிறது என்பேன்.
அவள் காத்திருந்து சூடாக்கியதை
மிச்சம் வைக்காமல் சாப்பிடுவேன்.
இதற்கு உங்கள் தாளில் கட்டம் இருக்கிறதா?"

இல்லை.

மூன்றாம் மாடி லுஜெய்ன்,
மருந்தியல் இரண்டாம் ஆண்டு.
அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை
எல்லாவற்றுக்கும் "கிடையாது".
அம்மா காபி வைக்க எழுந்துபோனதும்
வாய் திறக்கவில்லை,
விரல் மட்டும் தாளில் ஊர்ந்தது:
நான்கு. ஆறு. ஒன்பது. பதினொன்று.
பதினொன்றில் நின்றது.
அலமாரியடியில் குளிர்காலப் பூட்ஸ் ஒரு ஜோடி,
ஜூலை மாதத்தில்,
தொட்டால் சிப்ஸ் பாக்கெட்டாய்ச் சரசரக்கும் பூட்ஸ்.
ஏலக்காய் மணம் கதவருகே வந்ததும்
விரல் மடிந்து கைக்குள் போய்விட்டது.

மேல் மாடி. ஃபத்தூம்.
எல்லைக்கு வடக்கே, முற்றுகையில் கிடந்த ஊர்.
ஊர்ப்பெயரைச் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை.
பதினாறு வரை தடையில்லாமல் போயிற்று.
பதினேழு:
"கடந்த பன்னிரண்டு மாதங்களில்
வயிறு நோகும்வரை உண்டதுண்டா?"
"ரொட்டி வந்த அன்று."
"அது எப்போது?"
கணக்குப் பார்த்தாள். விரல்கள் போதவில்லை.
"பன்னிரண்டு மாதத்துக்குள் வருமா, அக்கா?"
"அந்தப் பன்னிரண்டு மாதம்
எனக்கு இன்னும் முடியவில்லையே, பெண்ணே."

கழுவுதொட்டியின் கீழே காய்ந்த ரொட்டி.
மெத்தைக்கு அடியில், தையல் மிஷின் இழுப்பறையில்,
துணியில் சுற்றி, நூல் கட்டி.
ராத்திரி எழுந்து நின்றபடியே தின்பாளாம்.
உட்கார்ந்தால் யாரோ வந்துவிடுவார்களாம்.
வயிறு போதும் என்று சொல்லும்,
கை நம்பாது.

எந்தக் கேள்வியையும் காலியாக விடக்கூடாது
என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள்.
'தினமும்' என்று வட்டமிட்டேன்.
ஓரத்தில் பென்சிலால் நாலு வரி எழுதினேன்.
கணினி ஓரங்களைப் படிப்பதில்லை.
நாளை நாயிஃபும் ஃபத்தூமும்
ஒரே சதவீதத்துக்குள் தோள் உரசி நிற்பார்கள்,
லுஜெய்ன் வெளியே,
நலமாக.

இறங்கினபோது இருட்டிவிட்டது.
அம்மானுக்குக் கடைசி பஸ் போய்விட்டது.
நாயிஃப் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தார்,
ஏறிக்கொள் என்றார், காசு வேண்டாம் என்றார்.
மேலாளரின் அழைப்பு: இன்று எத்தனை வீடு?
பதினொன்று.
அதில் எத்தனை பேருக்கு இருக்கிறது?
சுரங்கப்பாதை வந்தது, சிக்னல் போனது.
நல்லவேளை.

கியருக்குப் பக்கத்தில் காகிதக் கூம்பு.
அவர் ஒரு விதை உடைத்தார்.
நான் ஒன்று.
உப்பு உதட்டு வெடிப்பில் எரிந்தது.
சுத்திகரிப்பு ஆலையின் நெருப்பு
கண்ணாடியில் கொஞ்சதூரம் கூடவே வந்தது.
பேசவில்லை.
தோல்கள் மடியில் குவிந்தன.
அம்மான் விளக்குகள் தெரிந்தபோது
கூம்பின் அடியை என் விரல்கள்
துழாவிக்கொண்டிருந்தன.