மூன்றாம் மேசை

ஐப்பசி முடியும்போதே கணக்கு குறைந்தது.
ஹெப்பாளில் எங்கள் கண்ணாடிக் கூடத்துக்கு மேற்கே
பதினெட்டு மாடி எழும்பியிருந்தது.
மூன்று மணிக்கே அதன் நிழல் வந்து
குடைமிளகாய் நாற்றுகளின் மேல்
செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்துகொள்ளும்.

வெப்பம் எங்கள் கையில்.
ஈரம் எங்கள் கையில்.
வேருக்குப் போகும் உப்பைக்கூடச்
சொட்டு எண்ணிக் கொடுக்கிறோம்.
வெயிலை மட்டும்
அளந்து போட்டதை வாங்கிக்கொண்டு வருகிறோம்,
ரேஷன் கடை வரிசை மாதிரி.

விளக்கு போடலாம் என்றார் கேதகி மேடம்.
பிறகு மின்கட்டணத் தாளைப் பார்த்தார்.
பிறகு சொன்னார்:
முதலில் இருப்பதை உள்ளே விடுவோம்.

கூரையைக் கழுவினோம்.
சிக்கண்ணா ஏணியில், நான் குழாயோடு கீழே.
மெட்ரோ வேலையின் புழுதி,
ஒரு மழைக்காலத்துப் பாசி,
பருந்து போட்டுவிட்டுப் போன எலிவால்
எல்லாம் பழுப்பாய் வடிந்தன.
கோடையில் நாங்களே அடித்த சுண்ணாம்பை
மழை பாதிதான் கழுவியிருந்தது.
மீதியைச் சுரண்டியதில்
சிக்கண்ணாவின் விரல்நுனி வெந்தது.
ஒளிமானியில் பதினொரு சதவீதம் கூடியது.
"இஷ்டேனா?" என்றான்.
இவ்வளவுதானா என்பதைக்
கன்னடத்தில் கேட்டால்
இன்னும் கொஞ்சம் வலிக்கிறது.

வடக்குச் சுவருக்கு வெள்ளை அடித்தோம்.
தரையில் வெள்ளை விரிப்பு.
குறுக்கே ஓடிய கம்பிகள், செத்த மின்பெட்டி,
எதற்கென்று யாருக்கும் தெரியாத ஒரு குழாய்,
நிழல் விழுத்திய எதையும் விடவில்லை.
நிழலை வாழ்த்தியே வளர்ந்த மொழி என்னுடையது.
அதை ஒழிக்கத்தான்
மாதச் சம்பளம் வாங்குகிறேன்.

கார்த்திகை இருபது.
மூன்றாம் மேசையில் மட்டும்
மூன்று ஐம்பதுக்கு ஒரு வெளிச்சம்.
கிழக்கிலிருந்து.
மாலையில், கிழக்கிலிருந்து.
அரைப்பாய் அகலம்.
பதினேழு நிமிடம்
தொட்டி தொட்டியாய் நகர்ந்து போனது
வருகைப் பதிவு எடுப்பதுபோல.
ஞாயிறு மட்டும் வரவில்லை.

மூன்று வாரத்தில் நாற்றுகள் அந்தப் பக்கம் சாய்ந்தன.
தண்டு தடித்தது, கணுவிடை குறுகியது.
வேறெந்த மேசைக்கும் முன்னால்
ஒரு மொட்டு.
கேதகி மேடம் குனிந்து பார்த்தார்.
மூன்றாம் மேசை கெட்டுவிட்டது என்றார்.

சாலைக்குக் கிழக்கே அடுக்ககம், பதினோராம் மாடி.
காவலாளி நோட்டை நீட்டினார்.
வந்த காரணம் என்ற கட்டத்தில்
வெளிச்சம் என்று எழுதினேன்.
அவர் படிக்காமலே உள்ளே விட்டார்.

ஷாயிஸ்தா பர்வீன்,
இரவு வேலை முடித்துத் தூங்கி
அப்போதுதான் எழுந்தவர்.
மூன்றே முக்காலுக்கு அலாரம்.
எழுந்ததும் சன்னல் கதவை வெளியே தள்ளிவிட்டு
அங்கேயே நின்று டீ குடிப்பார்.
ஞாயிறு அம்மா வீடு, சிவாஜிநகர்.
எங்களுக்கு மறைந்துபோன சூரியனை
அந்தக் கண்ணாடி
இன்னும் பார்த்துக்கொண்டிருந்தது.

"மூடிவிடட்டுமா?" என்றார்.
அதைக் கேட்கத்தான் போயிருந்தேன்.
வாயில் வந்தது வேறு:
"தினமும் இதே நேரம்,
இதே கோணத்தில் திறக்க முடியுமா?
ஞாயிறும்."

கொக்கியைக் காட்டினார். அதில் மூன்று துளை.
"எந்தத் துளை?"
எனக்குத் தெரியவில்லை.
சிக்கண்ணாவுக்குப் போன் போட்டேன்.
அவன் கூடத்தில், மேசையருகே.
அவர் கதவைப் பிடித்துக்கொண்டிருக்க,
நான் போனைப் பிடித்துக்கொண்டிருக்க,
"எடக்கே" என்றான்.
"ஸ்வல்ப எடக்கே.
இன்னும்.
சாகு, சாகு."

கடைசித் துளை.
"நாலாம் மேசைக்கும் கொஞ்சம் விழுகிறது" என்றான்,
குரலைத் தாழ்த்தி,
மேடத்துக்குக் கேட்டுவிடும் என்பதுபோல.

டீ கொடுத்தார். நின்றுகொண்டே குடித்தேன்.
கீழே எங்கள் கூரை
தீப்பெட்டி அளவில் பளபளத்தது.
தை பிறந்தால் கோணம் மாறிவிடும்.
அதை அவரிடம் சொல்லவில்லை.