முந்நூறு வெள்ளி

டிரம்ஸை லாரியில் ஏற்றுவான் குணாளன்.
பகலெல்லாம் செம்பனைக் குலை சுமந்த அதே லாரி.
புஷ்பலீலா மோட்டாரில் தனியே வருவாள்,
முதுகில் பேஸ் கிட்டார்,
மழைக்குப் பயந்து குப்பைப் பை சுற்றி.

கூட்டுப் பணத்தில் முந்நூறு வெள்ளி உதைத்தது.
அதோடு இரண்டு தீபாவளியாகப் பேச்சில்லை.
"வேகத்தைக் குறைக்கச் சொல்லு" என்பாள்
என்னிடம்,
அவன் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்க.
நான் கீபோர்டு. தபாலும் நான்தான்.

நேற்று லூனாஸில் கல்யாண விருந்து.
மூன்றாவது பாட்டில் கரண்ட் போனது.
இருட்டில் அவன் நிறுத்தவில்லை.
செத்த கம்பியில் அவள் விரலும் நிற்கவில்லை;
பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்
நகம் உரசும் சத்தம்.
எத்தனை சுற்று போனதோ,
விளக்கு வந்தது.
ஸ்பீக்கர் உறுமிய முதல் சுரம்
அவன் மிதித்த மிதியின் மேலேயே விழுந்தது.
நடுவில் ஒரு முடி நுழையாது.
சனம் கோழிப் பெரட்டலுக்குத் திரும்பியது.
நான்தான் எங்கே நுழைவதென்று தெரியாமல்
கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

ஒயரைச் சுருட்டும்போது சொன்னாள்:
"இருட்டுல கொஞ்சம் ஓடிட்டான்னு சொல்லு."
சொன்னேன்.
சிம்பலைத் துடைத்தபடி அவன்:
"கூடவே ஓடி வந்தது யாருன்னு கேளு."