முப்பத்தோராம் நாள்

மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு
சீருடை போட்டால்
இரண்டு நாளை நான்காக எண்ணிச்
சம்பளம் தருகிறார்கள்.
வீட்டுப்படி கிடையாது.
அந்த இரண்டு ராத்திரியும்
எனக்கு வீடே இல்லை என்பது கணக்கு.

மற்ற நாட்களில்
வடக்கு டகோட்டாக் காற்றில்
லாரி டயர் மாற்றுகிறேன்.

இந்த முறை ஆணை வந்தது: முப்பது நாள்.
சம்பளப் பிரிவில் கார்ப்பரல் ஓடெல் வின்ஸ்லோ
திரையை என் பக்கம் திருப்பினான்.
முப்பத்தொன்று என்றால்
உங்கள் அஞ்சல் எண்ணுக்கு உரிய முழுப் படி, சார்ஜென்ட்.
முப்பது என்றால்
ஊர் பேர் இல்லாத ஒரு தொகை.

ஒரு நாள்தானே?

ஒரு நாள்தான் என்றான்,
அந்த நாளைத் தானே
திருடிவிட்டதுபோல் காது சிவந்து.
இரண்டை நான்காக்கத் தெரிந்தவர்களுக்கு
முப்பதோடு ஒன்று கூட்டத் தெரியாதா?
அவனிடம் கேட்கவில்லை. பொடியன்.

வீட்டுக்காரி ஹால்வர்சன்
ஆணையெல்லாம் பார்ப்பதில்லை.
ஒன்றாம் தேதி பார்ப்பாள்.
பிப்ரவரிக்கும் அதே வாடகைதான்.

பயிற்சி முடிந்த மறுநாள்
விடியுமுன் விழித்துவிட்டேன்.
மைனஸ் இருபத்தாறு.
கதவோரம் பூட்ஸ் இன்னும் ஈரம்.
ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது,
மீட்டரும்.

சோரன் போர்வைக்குள்ளிருந்து கேட்டான்:
அம்மா, இன்னிக்கு நீ சிப்பாயா?

இல்லடா.

அப்ப ஏன் இவ்வளவு சீக்கிரம்?

பதில் சொல்லாமல்
ஹீட்டரை இரண்டு புள்ளி குறைத்தேன்.
டயர் கடை எட்டு மணிக்குத்தான் திறக்கும்.