நாலு பேரில் நாலாவது

குளிர் என்றால் சிரிப்பீர்கள்.
பதினெட்டு டிகிரிதான்.
ஆனால் பேரூர்ப் பக்கம், மார்கழி விடியலில்,
பதினெட்டு என்பது
மங்கி கேப்பின் மேல் ஹெல்மெட்டை அமுக்கி
வார் பூட்டுகிற அளவுக்குக் குளிர்.
கோலமாவோடு நிமிர்ந்த கோகிலவாணி
"திருஷ்டிப் பூசணிக்குத் தொப்பி போட்டாப்பல இருக்குதுங்க"
என்று சொல்லிவிட்டு
புள்ளியைத் தொடர்ந்தாள்.

பம்ப்செட் உதிரிபாகக் கடை எனக்கு. வயது நாற்பத்தேழு.
சர்க்கரை டாக்டர் நடக்கச் சொன்னார்.
பல் டாக்டர் சிவநேசன் சைக்கிள் வாங்கச் சொன்னான்.
பல் டாக்டர் பேச்சைக் கேட்டேன்.

கார்த்திகை மழையில் வெளியே போக வழியில்லை.
ஹாலில் உருளை மேல் ஏற்றி மிதித்தேன்.
திரையில் எந்த நாட்டுப் பனிமலையோ.
கீழ்வீட்டு ஓதிச்சாமி படியேறி வந்து
"மாவு மில்லு எப்பவும் ஓடிட்டே இருக்குதுங்களே,
ராகி அரைச்சுத் தருவீங்களா?" என்றார்.
அப்போது நான் இருபது கிலோமீட்டர் போயிருந்தேன்.
சோபாவைக்கூடத் தாண்டவில்லை.

மழை விட்டதும் காற்று.
கிழக்கிலிருந்து வந்து பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைகிற காற்று.
வாளையார் வரைக்கும்
முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே வந்தது.
நம் தொடையில் இத்தனை வலுவா என்று வியந்து
வண்டியைத் திருப்பினேன்.
கொடுத்த கடனுக்கு வட்டியோடு
சட்டையைப் பிடித்தது.
க.க.சாவடி டீக்கடையில் தேங்காய் பன் மூன்று.
பயிற்சி அட்டவணையில் அது இல்லை.

தீத்திபாளையத்தில் தக்காளி பறித்துக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்:
"ஏனுங், வண்டி என்ன வெலைங்க?"
கடைக்காரனுக்குக் கொடுத்தது ஒன்றேகால் லட்சம்.
வீட்டில் சொன்னது நாற்பதாயிரம்.
அந்நியரிடம் பொய் எதற்கென்று எண்பது என்றேன்.
அவள் கேரியரைத் தேடினாள்.
ஸ்டாண்டைத் தேடினாள், பெல்லைத் தேடினாள்.
"இத்தனையும் கழட்டிப்போட்டுமா அத்தனை காசு?"

தை இரண்டாம் ஞாயிறு, நரசீபுரம் அடிவாரம்.
வயிற்றில் இன்னும் சர்க்கரைப் பொங்கல்.
ஆறு மணிப் பந்தயம் எட்டுக்குத்தான் தொடங்கியது.
இரண்டு யானைகள் பாதையை முன்கூட்டியே
சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தன.
அவற்றின் நேரத்தை யாரும் குறிக்கவில்லை.

கொடி விழுந்தது.
இருபது வயதுகள் புழுதியாகிப் போயின.
முதல் ஏற்றத்தில் சங்கிலி கழன்றது.
இரண்டாம் ஏற்றத்தில் வேலாமுள்.
மூன்றாவதில் ஒன்றும் நடக்கவில்லை,
ஏற்றம் மட்டும் இருந்தது, அது போதும்.
அதற்குப் பிறகு
சுண்ணாம்புத் தூளில் போட்ட அம்புக்குறியை
வெள்ளாடுகள் மிதித்துத் திருப்பிவைத்திருக்க,
ஆடு காட்டிய வழியே போனேன்.

வாழைத்தோப்பு.
உள்ளே மோட்டார் ஓடுகிற சத்தம்.
காதைக் கொடுத்தேன். கரகரப்பு.
"பேரிங் போச்சுங்க, இன்னும் பத்து நாள் தாங்காது" என்றேன்.
தோட்டக்காரர் பழனியாண்டி
என் முழங்கால் ரத்தத்தைப் பார்த்தார், இறுக்கமான கால்சட்டையைப் பார்த்தார்,
பிறகும் நம்பினார்.
வேர்வையில் ஊறிய விசிட்டிங் கார்டை
முதுகுப் பையிலிருந்து உரித்துக் கொடுத்தேன்.
இளநீர் வெட்டினார். அட்வான்ஸ் ஐந்நூறு.
அன்றைய பந்தயத்தில் லாபத்தோடு திரும்பியவன்
நான் ஒருவன்தான்.

எல்லைக் கோட்டில்
ஃபிளெக்ஸைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.
உப்புமா அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று.
"தம்பி, என் நேரம் எவ்வளவு?"
அவன் செல்போனைப் பார்த்துச் சொன்னான்:
"பத்தே முக்காலுங்க."

நாற்பத்தைந்துக்கு மேற்பட்டோர் பிரிவில் நாலு பேர்.
மூன்றாவது வந்த சிவநேசன்
கோப்பையோடு வீட்டுக்கே போய்விட்டிருந்தான்.

"எத்தனையாவதுங்க?" என்றாள் கோகிலவாணி.
நாலாவது என்றேன்.
சாயங்காலத்துக்குள் இரண்டு தெருவுக்கும்
நாலாவது போய்ச் சேர்ந்தது.
எத்தனை பேரில் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஓதிச்சாமி மேலே வந்து கைகொடுத்தார்.
இடக்கையில் ஒரு பை.
இரண்டு படி ராகி.