எழுபதுக்கு எட்டுக் குறைவு

ரீகா நகரத்தில் ஏழாவது மாடி.
பின்லாந்து மொழிக்கு நாங்கள் நால்வர்.
கடலுக்கு அப்பால் ஐம்பத்தைந்து லட்சம் பேர்
தூங்கப் போகுமுன் எழுதுவதில்
புகார் வந்ததையெல்லாம் படித்தோம்,
ஒன்றுக்குப் பத்தொன்பது நொடி.
இருபதாவதில் திரையோரம் சிவக்கும்.
மாதக் கடைசியில் அந்தச் சிவப்பையெல்லாம் கூட்டிச்
சம்பளத்தில் கழிப்பார்கள்.

எங்களுக்கு முன்பே இயந்திரம் படித்துவிடும்.
வெட்டுவேன் குத்துவேன் என்று
சத்தம் போடுகிறவனை அதற்குத் தெரியும்.
எங்கள் ஊர்க்காரர்களோ
கோபம் முற்றினால் குரலைத் தாழ்த்துகிறவர்கள்.
அம்மாவை விட்டுப் போன அன்று அப்பா சொன்னது
"கார் சாவி மேசைமேல்"
அவ்வளவுதான்.

ஜனவரியில் ஒரு செவ்வாய் இரவு
கெமி என்கிற வடக்குத் துறைமுகத்திலிருந்து
வேசா என்பவன் எழுதியிருந்தான்:
"வியாழனன்று நீச்சல்குளத்தில் நீர் நிறம் மாறும்."

உள்ளூர்ச் செய்தி, பராமரிப்பு
என்று இயந்திரம் பெயர் வைத்தது.
யாரோ புகார் செய்யவும் மதிப்பெண் ஏறி
அறுபத்திரண்டில் நின்றது.
எழுபதைத் தொட்டால்தான் போலீசுக்குப் போகும்.
எழுபது என்று வைத்தது யார் என்று கேட்டேன்.
"மேலே" என்றான் ஷிப்ட் தலைவன்.
எங்களுக்கு மேலே, எட்டாவது மாடியில்
ஒரு பல் மருத்துவர் இருந்தார்.

விதியை மீறி அவனுடைய பழைய பதிவுகளைத் திறந்தேன்.
பதினோரு நிமிடம். திரை முழுக்கச் சிவப்பு.
ஒன்பது மாதமாக எழுதிக்கொண்டிருந்திருக்கிறான்:
இர்மெலி வேலைக்குப் போகும் நேரம்,
இர்மெலியின் கார் எண்,
டிக்கெட் கவுண்ட்டரில் இர்மெலி சிரிக்கிற விதம்.
ஒவ்வொன்றின் கீழும் நிறுவனம்
தவறாமல் கடை விரித்திருந்தது.
முதலில் விவாகரத்து வக்கீல்.
பிறகு தூக்க மாத்திரை.
டிசம்பரிலிருந்து வேட்டைக் கத்தி,
பதினைந்து சதவீதம் தள்ளுபடி.
விற்கிற கண்ணுக்கு அவன்
நன்றாகத் தெரிந்திருக்கிறான்.

'மேல்நடவடிக்கை' பொத்தானை அழுத்தினேன்.
காரணம் எழுத இருநூறு எழுத்துக்கு இடம்.
"எனக்கு இந்த மொழி தெரியும்" என்று எழுதினேன்.

புதன் மதியம் வரை பதிலில்லை.
படிக்கட்டில் நின்று சொந்தக் கைபேசியில் கூப்பிட்டேன்.
பார்த்ததை வெளியே சொன்னால்
ஒரு வருடச் சம்பளம் அபராதம்,
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

"நீச்சல்குளம், இர்மெலி பேசுகிறேன்."
பின்னால் விசில். பிள்ளைகளின் கூச்சல்.
தண்ணீரில் யாரோ தொப்பென்று விழுகிறார்கள்.

"நாளை எத்தனை மணி வரை?" என்று கேட்டேன்.

"எட்டு வரை. கடைசி டிக்கெட் ஏழுக்கு.
தலைத்துண்டு கொண்டுவாருங்கள், இங்கே தீர்ந்துவிட்டது."

நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

வெள்ளி காலை பதில் வந்தது:
"பரிசீலித்தோம். விதிமீறல் ஏதுமில்லை."
அதற்குள் கெமியில் அந்தக் கண்ணாடிக் கதவின் முன்
மெழுகுவத்திகளைப் பனி அணைக்க
ஆட்கள் குனிந்து குனிந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

விசாரணையில் நிறுவனத்தின் வக்கீல்
மிகவும் மரியாதையானவர். எனக்குத் தண்ணீர் ஊற்றித் தந்தார்.
"ஊழியரிடம் தொலைபேசி இருந்தது" என்றார்.
"நாற்பத்தொரு நொடி பேசியும் இருக்கிறார்."

இருந்தது. பேசினேன்.
அந்த நாற்பத்தொன்று என்னுடையது,
யாருக்கும் தரமாட்டேன்.
ராத்திரிகளில் அதை எண்ணிப் பார்க்கிறேன்,
எந்த நொடியில் வாய் திறந்திருக்கலாம் என்று.
ஆனால் ஐயா,
ஒன்பது மாதத்தின் நொடிகளை
யார் கணக்கில் எழுதப் போகிறீர்கள்?

அவர் கோப்பைப் புரட்டினார்.
அடுத்த கேள்விக்குப் போனார்கள்.

நான் விலகியபின் அந்த மாடியில் மூவர்.
எழுபதைக் குறைத்து
அறுபத்தெட்டு ஆக்கிவிட்டார்களாம்.