காணாது

உப்புக் காணாது என்றேன்.
மங்களேஸ்வரி இன்னொரு பிடி போட்டாள்.
காணாது.
மூன்றாம் பிடியோடு சட்டியை என் முன்னால் வைத்துவிட்டுப்
பிள்ளைகளுக்கு வேறாக முட்டை பொரித்தாள்.

அது மாசியில்.
சித்திரையில் வாவியே காணாமல் போனது.
பகலில் இருக்கும். பொழுது பட்டால்
தோணியின் அணியமும் தெரியாது, என் கையும் தெரியாது.
ஆரோ விரித்த வலைமேல் தோணியை ஏற்றினேன்.
வெறி என்றார்கள்.
அன்றைக்கு மட்டும் நான் குடித்திருக்கவில்லை.
ஆர் நம்புவார்?

வார்டில், கை நடுங்க நடுங்க,
மக்னீசியம் சொட்டுச் சொட்டாக இறங்கியது.
காத்தான்குடி டாக்டர் பிள்ளை, ஹஸ்மியா,
நாகம் குறைந்திருக்கும் என்று சந்தேகப்பட்டாள்.
என்ர பேரே நாகமணிதானே மகள் என்றேன்.
பக்கத்துக் கட்டில்காரன் சிரித்துப் புரையேறினான்.
என் ரத்தம் ஐஸ் பெட்டியில் கொழும்புக்குப் போனது,
நான் பிடித்த நண்டுகள் போகிற அதே றோட்டால்.

உடம்பு முழுக்க வழித்தெடுத்தாலும்
ஒரு கூரை ஆணி நிறைக்குக் காணாதாம் அந்த உலோகம்.
மூளைக்குள் கிடப்பது
ஆணியின் மினுக்கத்தில் ஒரு பொட்டு.
நரம்புக்கு நரம்பு 'போதும்' என்று சொல்லியனுப்ப
அந்தப் பொட்டும் வேணுமாம்.
குடி அதை மூத்திரத்தோடு கழுவி விடுமாம்.
முழுக்க நிச்சயமில்லை ஐயா, இன்னும் ஆராயினம்
என்றும் சொன்னாள். அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது.

எதில இருக்கு மகள்?
நண்டில. மட்டியில.

பத்தொன்பது வருசம்
வலையிறவுப் பாலத்தடிக்கு விடிய நாலரைக்கு லொறி வரும்.
பெரிய கால் நண்டெல்லாம் அதற்கு.
லொறிக்காசு கசிப்புக்கு.
கால் ஒடிந்ததுகளை வீட்டுக்கென்று எடுத்துவைப்பேன்,
வழியிலேயே கூட்டாளிமாருக்குப் பைற்ஸ் ஆகிவிடும்.
ஒரு மாரிக்கு முன்னால்
கூரைத் தகரம் நாலையும் கழற்றி விற்றேன்.
அதன் பூச்சும் நாகம்தான் என்றான் மகன்.
ஓ.எல். படிக்கிறவன்.
என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

இன்றைக்கு இருபத்திரண்டாம் நாள்.
லொறிக்குப் போகாத நாலு நண்டு
சட்டியில் சிவந்து கிடக்கிறது.
ஓட்டைக் கடித்தேன். நாக்கில் ஏதோ சுருக்கென்றது,
உப்போ, ஓடு கீறிய ரத்தமோ.

வெளியே இருண்டு வந்தது.
வாவி இன்னும் தெரியவில்லை.
அக்கரைக் கண்ணாக்காட்டுக்குள்
கசிப்புக்காரனின் லாம்பு மட்டும்
துலக்கமாகத் தெரிந்தது.

காணுமா என்றாள்.
இன்னும் கொஞ்சம் என்றேன்.
எது என்று
அவள் கேட்கவில்லை.